பாட்டுக்குள் வந்த சிரிப்பு

பொறாமையில் விவாகரத்து வரை போய்விட்ட தம்பதியின் கதையில் பாட்டுக்கு என்ன வேலை? 1953-ல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ‘லெட்ஸ் டூ இட் அகெய்ன்’ பார்த்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. ரே மிலண்ட் மெட்டுப் போடும் கணவர், ஜேன் வைமன் மனைவி. டெக்னிகலர் வண்ணம், இடையிடையே பாட்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் பாட்டு ஆரம்பித்ததும் பொறாமை ஓய்ந்துவிடுகிறது. பாட்டு முடிந்த பிறகே மறுபடி தலைதூக்குகிறது.

இதற்கு மூலம், லியோ மெக்கரிக்குச் சிறந்த இயக்குநர் ஆஸ்கரை வாங்கித் தந்த ‘தி ஆஃபுல் ட்ரூத்’ (1937). கேரி கிராண்டும் ஐரின் டன்னும் ஜெரி, லூசி. விவாகரத்து உறுதியாக 90 நாள் தவணை. அதை இசைப்படம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனாலும் பாட்டின் வேலை அதில்தான் ஒழுங்காக நடக்கிறது.

லூசி தன் பாட்டு வாத்தியாரோடு தனியாக இருக்கிறாள் என்று சந்தேகப்பட்டு, வாசலில் மறித்த வேலையாளோடு மல்லுக்கட்டி, ஜெரி உள்ளே பாய்கிறான். அங்கே கச்சேரி! வாத்தியார் பியானோ வாசிக்க, லூசி பாடிக்கொண்டிருக்கிறாள். எதிரே பெரிய மனிதர்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். அசடு வழிய ஒரு நாற்காலியில் உட்கார்ந்தவன், பின்னால் சாய்ந்து சாய்ந்து நாற்காலியோடு கவிழ்கிறான். லூசி பாட்டை நிறுத்தவில்லை. கடைசி அடியில் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அதையும் சுருதி விலகாமல் பாட்டோடு சேர்த்து முடித்துவிடுகிறாள். இவனை இவளால் விட முடியாது என்பது நமக்கு அங்கேயே தெரிந்துவிடுகிறது. வசனமாக எழுதியிருந்தால் கெட்டிருக்கும்.

பின்பாதியில் அவள் முறை. ஜெரி மணக்கவிருக்கும் பணக்காரப் பெண்ணின் வீட்டுக்கு, அவனுடைய தங்கையாக வேஷம் போட்டு வருகிறாள். இரவு விடுதியில் கேட்ட மட்டமான பாட்டைப் பாடி ஆடி, அந்தச் சம்பந்தத்தையே கலைத்துவிடுகிறாள். இரண்டு இடத்திலும் பாட்டைப் பிடுங்கிவிட்டால் கதை நகராது.

வைமனிடம் திறமைக்குக் குறைவில்லை. ‘ஜானி பெலிண்டா’வில் வாய் பேச முடியாத பெண்ணாக, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஆஸ்கர் வாங்கியவர்; நன்றாகப் பாடவும் தெரிந்தவர். அவர் முகத்துக்கும் குரலுக்கும் அப்படி ஒரு கச்சேரிக் காட்சியை 1953 படம் கொடுக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.