திரு. என்றதும் வெட்டிவிடும்

போன இரண்டு வாரமாக ஆபீஸில் உருப்படியாக ஒரு வரி கோடு எழுதவில்லை. பழைய ஜாவா லைப்ரரி ஒன்றின் கமெண்டுகளை, அதாவது கோடுக்கு நடுவே படிப்பவர்களுக்காக எழுதிவைக்கும் குறிப்புகளை, துப்புரவு செய்துகொண்டிருந்தேன். என்ன வேலை என்று வீட்டில் கேட்டார்கள். ஒட்டடை அடிக்கிறேன் என்றேன்.

ஒரு சாய்கோடு, இரண்டு நட்சத்திரக் குறி. இப்படித் தொடங்கும் கமெண்டுகளை ஜாவாடாக் என்கிற கருவி உருவியெடுத்து, லைப்ரரியைப் பயன்படுத்துகிறவர்களுக்கான கையேடாக ஆக்கிக் கொடுக்கும். ஆனால் ப்ரோக்ராம் ஓடுவதற்கு அந்த எழுத்து எதுவும் தேவையில்லை. வம்பே அங்குதான். கோடில் பிழை என்றால் அன்றைக்கே யாராவது கத்துவார்கள். கமெண்டில் பொய் இருந்தால் பத்து வருஷம் சுகமாக உட்கார்ந்திருக்கும். நான் பார்த்த ஒரு ஃபங்ஷன், எத்தனை 'விநாடி' காத்திருக்க வேண்டும் என்று கேட்டது. உள்ளே கணக்கு மில்லி விநாடியில். நம்பி 30 என்று கொடுத்தவர் என்ன பாடு பட்டாரோ.

2014இல் ஜாவா 8 வந்தபோது டாக்லின்ட் என்ற கண்டிப்பான வாத்தியாரும் கூடவே வந்தார். கமெண்டுக்குள் ஹெச்டிஎம்எல் குறி தப்பா, இல்லாத பராமீட்டருக்கு விளக்கமா, உடனே பிழை. அதுவரை சாதுவாக ஓடிய பில்டுகள் பல இடங்களில் நின்றன. ஒரே ஒரு ஆப்ஷனில் வாத்தியாரை வெளியே அனுப்பிவிடலாம் என்பதால் நிறையப் பேர் அதைத்தான் செய்தார்கள். எங்கள் ஆட்களும். நான் திரும்பக் கூப்பிட்டேன். நூறு பிழை காட்டினார். ராத்திரி வரை இருந்து எல்லாம் திருத்தினால், மறுபடி நூறு. ஒரு தடவைக்கு நூறுக்கு மேல் காட்டாது என்பது அப்புறம்தான் தெரிந்தது!

வாத்தியார் சொல்லாததும் உண்டு. ஜாவாடாக் முதல் வாக்கியத்தை மட்டும் பிய்த்துச் சுருக்கப் பட்டியலில் போடும். புள்ளியும் இடைவெளியும் வந்தால் அதற்கு வாக்கியம் முடிந்தது. "திரு. கந்தசாமி வருகிறார்" என்று எழுதினால் "திரு." மட்டும் வந்து நிற்கும். எங்கள் பட்டியலில் இப்படித் தலை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தவை ஏராளம்.

இதெல்லாம் கை வேலை. கஷ்டம் எதை அழிப்பது என்பதில். 1975இல் வந்த யூனிக்ஸ் ஆறாம் பதிப்பில், இது உங்களுக்குப் புரியும் என்று நாங்கள் எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில் ஒரு கமெண்ட் உண்டு. அப்போது எங்களுக்கே அது சரியாகப் புரிந்திருக்கவில்லை என்று யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிச்சி பிற்பாடு ஒப்புக்கொண்டார். எங்கள் லைப்ரரியிலும் அப்படி ஒன்று: "இந்த வரியைத் தொடாதீர்கள்." காரணம் கிடையாது. எழுதியவர் வேலை மாறிப் பல வருஷம் ஆகிறது. நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டேன்.

"அய்யய்யோ, அது இன்னும் இருக்கா?" என்றார்.

தொடவில்லை.