ஆய்வாளர் ஏறாத படிக்கட்டுகள்

தில்லி முண்ட்காவில் 2022 மே 13 அன்று ஒரு வணிகக் கட்டடம் தீப்பற்றி எரிந்ததில் 27 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பான்மையோர் பெண்கள். கண்காணிப்புக் கேமராக்களையும் வைஃபை ரூட்டர்களையும் பொருத்தித்தரும் நிறுவனம் ஒன்றின் தொழிலாளர்கள். நான்கு தளங்கள் கொண்ட அக்கட்டடத்துக்கு உள்ளே செல்லவும் வெளியே வரவும் ஒரே வழிதான் இருந்தது. தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று பெறப்படவில்லை. சிலர் கண்ணாடியை உடைத்துக் கயிற்றைப் பற்றி இறங்கி உயிர் தப்பினர். இவை யாவும் விரைவிலேயே செய்தியாயின. இவற்றைக் கண்டறியத் தடயவியல் அறிவு எதுவும் தேவையில்லை. தீப்பற்றுவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு பகற்பொழுதில், ஓர் ஆய்வாளர் அந்தப் படிக்கட்டில் ஏறி வாயில்களை எண்ணியிருந்தால் போதும்.

அந்த ஆய்வாளர் ஏன் வரவில்லை? இக்கேள்விக்கு இரண்டு விடைகள் எப்போதும் ஆயத்தமாக உள்ளன: உரிமையாளரின் பேராசை, அதிகாரியின் கையூட்டு. இரண்டும் உண்மையே. ஆயினும் இவ்விரண்டோடு நின்றுவிட்டால், ஒவ்வொரு தீ விபத்தும் ஒரு சில தனி மனிதர்களின் குற்றமாகச் சுருங்கிவிடுகிறது. இருவர் கைதாவர், ஓர் அதிகாரி இடைநீக்கம் செய்யப்படுவார், இழப்பீடு அறிவிக்கப்படும், விசாரணைக் குழு அமைக்கப்படும். கட்டடங்களைச் சென்று பார்க்கும் பொது எந்திரம் நிதியாலும் சட்டத்தாலும் படிப்படியாக மெலியவைக்கப்பட்டதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது ஒரு துறையின் சோம்பலால் நேர்ந்ததன்று. முப்பதாண்டுகளாக மேற்கொள்ளப்பட்டுவரும் அரசியல் முடிவின் விளைவு.

தில்லியின் அண்மைக்கால வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1990களின் பிற்பகுதியிலும் 2000ஆம் ஆண்டிலும் உச்சநீதிமன்ற ஆணைகளின் பேரில் குடியிருப்புப் பகுதிகளிலிருந்து ஆலைகளும் பட்டறைகளும் வெளியேற்றப்பட்டன. வேலையிழந்த தொழிலாளர்கள் 2000 நவம்பரில் தெருவில் இறங்கிப் போராடினர். வெளியேற்றப்பட்ட தொழில்களுக்கென நகரின் வடமேற்கு விளிம்பில் உருவாக்கப்பட்டதே பவானா தொழிற்பேட்டை. நெரிசலிலிருந்து விலகிய, திட்டமிட்டு அமைக்கப்பட்ட பகுதி அது. அங்கேதான் 2018 ஜனவரி 20 அன்று 17 தொழிலாளர்கள் கருகி மாண்டனர். வேறு தொழிலுக்கு உரிமம் பெற்றிருந்த இடத்தில் பட்டாசுகள் கையாளப்பட்டுவந்தன. பா.ஜ.க. வசமிருந்த மாநகராட்சியும் ஆம் ஆத்மி அரசும் ஒன்றையொன்று குற்றம் சாட்டின. இடத்தை மாற்றினால் பாதுகாப்பு தானே வந்துவிடும் என்ற நம்பிக்கை பொய்த்தது. தொழில் இடம்பெயர்ந்தது, ஆய்வு அதனுடன் செல்லவில்லை.

இடம்பெயராதவற்றின் நிலையும் அதுவே. ராணி ஜான்சி சாலையை ஒட்டிய அனாஜ் மண்டியின் குறுகிய சந்தில், பைகளும் பிற பொருள்களும் செய்யும் பட்டறைகள் நிறைந்த கட்டடத்தில் 2019 டிசம்பர் 8 அதிகாலையில் 43 பேர் மாண்டனர். வேலை செய்த இடத்திலேயே உறங்கிய புலம்பெயர்ந்த தொழிலாளர்கள் அவர்கள். பீகாரிலிருந்து வந்தவர்களே மிகுதி. தொழில் உரிமம் வழங்குவது மாநகராட்சி. தீயணைப்புத் துறையும் தொழிலாளர் துறையும் தில்லி அரசிடம். மின் விநியோகம் 2002 முதல் தனியார் வசம். இத்தனை அமைப்புகளுக்கும் அக்கட்டடத்தோடு தொடர்பிருந்தும், உள்ளே எத்தனை பேர் உறங்குகிறார்கள் என்று எண்ணிப்பார்க்கும் கடமை எவருடையதாகவும் இல்லை.

நிதிக்கு வருவோம். அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தத்தின்வழி சேர்க்கப்பட்ட 12ஆவது அட்டவணை, தீயணைப்புப் பணியை நகராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க பணிகளுள் ஒன்றாக வைத்தது. பணி கீழே வந்தது, பணம் வரவில்லை. நகராட்சிகளின் வருவாயும் செலவும் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ ஒரு விழுக்காட்டிலேயே பத்தாண்டுக்கும் மேலாகத் தேங்கி நிற்பதாக ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. 2017 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த ஜிஎஸ்டி, ஆக்ட்ராய் போன்ற நகராட்சி வரிகளை விழுங்கிவிட்டது. மாநிலங்கள் ஒன்றிய அரசிடம் கையேந்த, மாநகராட்சிகள் மாநிலங்களிடம் கையேந்துகின்றன.

இத்தகைய நெருக்கடியில் முதலில் வெட்டப்படுவது எது? குப்பை அள்ளாவிட்டால் மூன்றாம் நாள் தெரு நாறும். குடிநீர் வராவிட்டால் அன்றே மக்கள் மறியல் செய்வர். ஆய்வாளர் பணியிடம் ஐந்தாண்டு காலியாகக் கிடந்தாலும் வெளியே தெரியாது. தீப்பற்றாத ஒவ்வோர் ஆண்டும் அது சேமிப்பாகக் கணக்கில் ஏறும். புதிய தீயணைப்பு வாகனத்துக்குக் கொடியசைப்பு விழா உண்டு. நிரப்பப்பட்ட ஆய்வாளர் பணியிடத்துக்கு விழா எடுப்பவர் இல்லை. ஆள் பற்றாக்குறையால் தீயை அணைக்க ஓடும் அதே அதிகாரிகளே கட்டடங்களையும் ஆய்வு செய்யவேண்டியுள்ளது. அழைப்பு மணி ஒலிக்கும்போது ஒத்திவைக்கப்படுவது ஆய்வே.

ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் சார்பில் 2011-12 காலத்தில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, நாட்டின் தேவையோடு ஒப்பிட்டால் தீயணைப்பு நிலையங்களில் 97 விழுக்காட்டுக்கு மேலும், பணியாளர்களில் 96 விழுக்காடும், வாகனங்களில் 80 விழுக்காடும் பற்றாக்குறை எனக் கணக்கிட்டது. பத்தாண்டு கழித்து 2023 ஜூலையில் ஒன்றிய அரசு 5,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அறிவித்தது. பெரும்பாலான மாநிலங்கள் அதில் 25 விழுக்காட்டைத் தாமே இட வேண்டும். தீயணைப்புப் பணியை விரிவாக்கவும் நவீனப்படுத்தவுமான நிதி அது. ஆய்வாளருக்கு மாதந்தோறும் ஊதியம் தரும் பொறுப்பு, கைவற்றிய மாநிலங்களிடமும் மாநகராட்சிகளிடமுமே நிற்கிறது. 2022இல் மட்டும் தீ விபத்துகளில் இந்நாட்டில் 7,400 பேருக்கு மேல் மாண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்துள்ளது.

பணவெட்டுக்குத் துணையாகச் சட்டவெட்டும் நடந்தேறியுள்ளது. 'ஆய்வாளர் ராஜ்யத்தை ஒழிப்போம்' என்பது முதலாளிகளின் நெடுநாள் முழக்கம். 2014 அக்டோபர் 16 அன்று பிரதமர் மோடி தொடங்கிவைத்த திட்டத்தின்படி, எந்த ஆலையைப் பார்ப்பது என்பதைக் கணினி குலுக்கலில் தேர்ந்தெடுக்கும். எந்த அளவீட்டில் தரவரிசை உயர்வதற்காக இவை பெருமையாகப் பேசப்பட்டனவோ, உலக வங்கியின் அந்தத் 'தொழில் புரிய எளிமை' அறிக்கை தரவு முறைகேடுகள் வெளிப்பட்டதால் 2021இல் கைவிடப்பட்டது. அளவீடு போனது, அதற்காக வெட்டப்பட்டவை திரும்பி வரவில்லை.

2020இல் நிறைவேற்றப்பட்டு 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 'தொழிற்சாலை' என்பதன் வரையறையையே மாற்றியது. மின்சாரம் பயன்படுத்தும் இடத்தில் 10 தொழிலாளர் என்றிருந்தது 20 ஆனது. மின்சாரமின்றி 20 என்றிருந்தது 40 ஆனது. அனாஜ் மண்டியில் இருந்தவை போன்ற சிறு பட்டறைகள் இந்த இடைவெளியில்தான் வாழ்கின்றன. இச்சட்டத்தொகுப்பைத் தமிழாக்கும் எவருக்கும் ஒரு சொல்லில் கை தயங்கும். ஆய்வாளர் இனி ஆய்வாளர் மட்டுமல்லர். 'வசதி செய்து தருபவரும்' ஆவார். யாருக்கு வசதி என்பதைச் சட்டம் சொல்லவேண்டிய தேவையே இல்லை. முன்னறிவிப்பின்றி எந்நேரமும் பணியிடத்துள் நுழையும் உரிமையை ஆய்வாளருக்கு உறுதிசெய்யும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81ஆவது உடன்படிக்கையை இந்தியா 1949இலேயே ஏற்றுக்கொண்டது என்பதை இங்கு நினைவூட்ட வேண்டும்.

அரசு விலகிய இடத்தில் தனியார் சான்றிதழ் வந்து அமர்கிறது. மகாராஷ்டிரத்தின் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி, கட்டட உரிமையாளர் உரிமம் பெற்ற தனியார் முகமை ஒன்றைத் தாமே அமர்த்தி, ஆண்டுக்கு இருமுறை 'எல்லாம் செம்மையாக உள்ளது' என்ற சான்றைத் தாக்கல் செய்யவேண்டும். சான்று தருபவருக்குக் கூலி தருபவர் சான்று பெறுபவரே. மும்பையில் மூடப்பட்ட பஞ்சாலை ஒன்றின் நிலத்தில் எழுந்த கமலா மில்ஸ் வளாகத்தில், கூரைமேல் இயங்கிய கேளிக்கை விடுதி 2017 டிசம்பர் 29 அன்று எரிந்து 14 பேர் மாண்டது, இச்சட்டம் நடப்பில் இருந்தபோதுதான். இதன் கொடிய எடுத்துக்காட்டைக் கராச்சியில் காணலாம். 2012 செப்டம்பர் 11 அன்று 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்ட ஆடை ஆலை, அதற்குச் சில வாரங்கள் முன்புதான் பன்னாட்டுத் தனியார் தணிக்கையின் நற்சான்று பெற்றிருந்தது.

வளர்ந்த நாடுகளில் இப்படி நேராது என்று எண்ணவேண்டாம். லண்டனில் சிக்கன நடவடிக்கையின் பெயரால் 2014 ஜனவரியில் பத்துத் தீயணைப்பு நிலையங்கள் மூடப்பட்டன. 552 தீயணைப்பு வீரர்களின் பணியிடங்கள் ஒழிக்கப்பட்டன. 2017 ஜூன் 14 அன்று கிரென்ஃபெல் அடுக்ககத்தில் 72 பேர் மாண்டனர். எரியக்கூடிய உறை சுவரில் பதிக்கப்பட்டிருந்ததை எவரும் தடுக்கவில்லை. விதிகளைக் குறைக்கும் கொள்கையே அரசுத் துறையின் சிந்தையை ஆட்கொண்டதால் உயிர்ப்பாதுகாப்பு குறித்த செய்திகளும் புறக்கணிக்கப்பட்டன என்று 2024 செப்டம்பரில் வெளியான விசாரணை அறிக்கை கூறியது.

சட்டம் இருக்கும் இடத்திலும் அதன் எல்லை எங்கே முடிகிறது என்பதைப் பார்க்கவேண்டும். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகளைப் பறிகொடுத்ததன் தொடர்ச்சியாக, பள்ளிகளில் தீப்பாதுகாப்பு என்பது கல்வி உரிமையின் பகுதியே என 2009இல் உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்குமாகத் தீர்ப்பளித்தது. பத்தாண்டு கழித்து, 2019 மே 24 அன்று சூரத்தில் 22 பேர் மாண்டனர், பெரும்பாலோர் மாணவர்கள். எரிந்தது பள்ளியன்று, வணிக வளாகத்தின் மேல்தளத்தில் இயங்கிய பயிற்சி வகுப்பு. அதே குஜராத்தின் ராஜ்கோட்டில் 2024 மே 25 அன்று, தடையில்லாச் சான்றே இல்லாத விளையாட்டு அரங்கம் குழந்தைகள் உட்பட 27 பேரைப் பலிகொண்டது. மூலதனம் புதுப்புது வடிவங்களில் இடம்பிடிக்கிறது. பெயர்ப்பட்டியலைப் பார்த்து ஆய்வு செய்யும் துறை, பட்டியலில் இல்லாததைக் காண்பதில்லை. தெருவில் இறங்கி நடக்கும் ஆய்வாளரே அதைக் காண்பார்.

இனி நம் அமைப்புகளுக்குள்ளேயே எழும் ஒரு தயக்கத்தைப் பேசியாக வேண்டும். ஆய்வு என்றால் சீல் வைப்பு. சீல் வைப்பு என்றால் வேலையிழப்பு. இந்த அச்சத்தால் பல இடங்களில் தொழிலாளர்களே ஒற்றைக் கதவைப் பற்றி வாய் திறப்பதில்லை. சங்கங்களும் அதை முதல் கோரிக்கையாக வைப்பதில்லை. இந்த அச்சம் ஆதாரமற்றதன்று. 2000இல் தில்லியில் பூட்டப்பட்ட பட்டறைகளின் சுமையை முதலாளிகளைவிடத் தொழிலாளர்களே சுமந்தனர். ஒரு விபத்துக்குப் பின் இரு வாரம் நடக்கும் அதிரடி வேட்டையில் அகப்படுவோரும் எளியவர்களே.

இத்தயக்கத்துக்கு ஆய்வை எதிர்ப்பது விடையாகாது. ஆய்வின் செலவும் திருத்தத்தின் செலவும் தொழிலாளியின் கூலியிலிருந்து கழியக்கூடாது என்று போராடுவதே விடை. இதற்கு முன்னுதாரணம் உண்டு. 2013 ஏப்ரல் 24 அன்று ராணா பிளாசா இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டபின், வங்கதேசத்தில் உலகத் தொழிற்சங்கங்களும் ஆடை நிறுவனங்களும் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஆய்வறிக்கைகள் பொதுவில் வெளியிடப்படவேண்டும். பாதுகாப்பற்ற இடத்தில் வேலை செய்ய மறுக்கும் உரிமை தொழிலாளிக்கு உண்டு. திருத்தப்பணிக்காக ஆலை மூடப்படும் காலத்தில், ஆறு மாதம் வரை, வேலையும் வருமானமும் தொடரவேண்டும் என்பன அதன் விதிகள். முதலாளித்துவச் சந்தைக்குள் நின்றே, சங்கங்களின் அழுத்தத்தால் இவ்வளவு பெறமுடிந்தது. பவானாவிலும் சூரத்திலும் இதைக் கோருவது மிகை அன்று.

எனவே கோரிக்கைகள் தெளிவானவை. தீயணைப்புத் துறையிலும் தொழிலாளர் துறையிலும் காலியாக உள்ள ஆய்வாளர் பணியிடங்களை நிரந்தரப் பணியாளர்களைக் கொண்டு நிரப்பவேண்டும். அதற்கான ஊதியச் செலவை ஒன்றிய அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும். தனியார் சான்று அரசு ஆய்வுக்கு மாற்றாகக் கூடாது. ஒவ்வொரு கட்டடத்தின் கடைசி ஆய்வு நாளும் அதில் கண்ட குறைகளும், அங்கே வேலை செய்வோரின் மொழியில், வாயிலில் ஒட்டப்படவேண்டும். சிறு பட்டறைகள் இரண்டாம் வழி அமைக்கப் பொதுநிதியிலிருந்து கடனுதவி தரவேண்டும். மூடப்படும் நாள்களுக்கு முழு ஊதியம் வேண்டும். தொழிலாளர் சட்டத்தொகுப்புகளை எதிர்க்கும் இயக்கங்களில் 10-20 என்ற வரையறை மாற்றத்தை உயிர்ப்பிரச்சினையாக விளக்கவேண்டும்.

மாமன்றங்களில் நம் உறுப்பினர்கள் வரவு செலவுத் திட்ட விவாதத்தின்போது எழுப்பவேண்டிய கேள்விகள் மூன்று. இந்நகரில் அனுமதிக்கப்பட்ட ஆய்வாளர் பணியிடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை? சென்ற ஆண்டு நேரில் சென்று பார்க்கப்பட்ட கட்டடங்கள் எத்தனை? குறை கண்டவற்றுள் திருத்தப்பட்டவை எத்தனை? வாகனம் வாங்கிய கணக்கு இவற்றுக்கு விடையாகாது.

சங்கக் கிளைகள் மாமன்றத்தின் விடைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வேலை முடிந்து வெளியே வரும் தொழிலாளியிடம் மூன்று செய்திகளைக் கேட்டுக் குறிக்கலாம்: வழிகள் எத்தனை, வேலை நேரத்தில் பூட்டப்படுபவை எவை, உள்ளே உறங்குவோர் எத்தனை பேர். அந்தப் பட்டியலை மாவட்ட நிர்வாகத்திடமும் தீயணைப்புத் துறையிடமும் எழுத்துமூலம் அளித்து, பெற்றுக்கொண்டதற்கான கையொப்பம் வாங்கி வைக்கவேண்டும். 'எங்களுக்குத் தெரியாது' என்று பின்னர் எவரும் சொல்ல அதன்பின் வழியிராது.