ஃபோகஸ் மாத்துறாங்களாம்!

சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி ஒண்ணு "இனிமே எங்க ஃபோகஸே வேற"ன்னு சொன்னா எனக்கு உடனே வர்ற சந்தேகம் இதுதான்: இப்போ காசு குடுத்துட்டிருக்கிற கஸ்டமரை யாருங்க பாத்துக்கப் போறா?

நான் பொட்டி தட்டுற இடத்தில் மொத்தம் நாப்பது பேர். மெடிக்கல் ஷாப்புகளுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் பண்றோம். (பேரு வேணாம், அப்பரைசல் நேரம் :-)) வருஷா வருஷம் கடைக்காரங்க கட்டுற மெயின்டனன்ஸ் பணத்தில்தான் எங்க சம்பளம். 2021ல பிளாக்செயின்னு கிளம்பினாங்க, அது சத்தமில்லாம அடங்கிடுச்சு. இப்போ ஏஐ ஏஜென்ட் பிளாட்ஃபார்மாம். சப்போர்ட்டில் இருந்த அஞ்சு பேரில் மூணு பேரைத் தூக்கி அங்கே போட்டாச்சு. 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமா குறைஞ்சது இல்லையா? அந்த வாரம் பில் போட முடியாம கடைக்காரங்க கதறினப்போ போன் எடுக்க ஆளில்லை.

"காலத்துக்கேத்த மாதிரி மாறலைன்னா காணாமப் போயிடுவோம் பாஸ்" என்கிறார் மேனேஜர். சரி, மாறி மாறியே காணாமப் போன ஒருத்தர் கதையைப் பார்ப்போம்.

போர்லேண்ட். அதாங்க, நம்ம காலேஜ் லேபில் நீலக்கலர் ஸ்கிரீனோட உட்காந்திருக்குமே டர்போ சி++, அதைப் பெத்த கம்பெனி. 1983ல டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு வித்தாங்க. மத்த கம்பைலரெல்லாம் நூத்துக்கணக்கான டாலர் வித்த காலம் அது. வாங்கினவன் சாதாரண புரோகிராமர். 1995ல டெல்ஃபி வந்தப்பவும் அவன்தான் தூக்கிவச்சு ஆடினான்.

ஆனா மேலே இருக்கிறவங்களுக்கு அவன் போதலை. பெரிய கம்பெனி கஸ்டமர் வேணும். 1998ல பேரையே இன்பிரைஸ்னு மாத்திக்கிட்டாங்க. அது யாருக்கும் ஒட்டலை, 2001ல மறுபடி போர்லேண்ட். டர்போ பாஸ்கலுக்கும் டெல்ஃபிக்கும் மூளையா இருந்த ஆண்டர்ஸ் ஹெல்ஸ்பெர்க் 1996லேயே மைக்ரோசாஃப்டுக்குப் போய், பிறகு அங்கே சி ஷார்ப் பண்ணிட்டார்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். 2001ல எக்லிப்ஸ் இலவசமா வந்ததும் அவங்க ஜேபில்டருக்கு நிஜமாவே அடி. டூல் வித்துப் பிழைக்கிறது கஷ்டம்தான். அதுக்காக எங்கே ஓடினாங்க தெரியுமா? டெவலப்மெண்ட் புராசஸை மேனேஜ் பண்ற சாஃப்ட்வேர் பக்கம். அங்கே ரேஷனலை 2003ல வாங்கிப் போட்டுட்டு ஐபிஎம் கால் மேல கால் போட்டு உக்காந்திருக்கு! தெருநாய்க்குப் பயந்து புலிக்கூண்டுக்குள்ள குதிச்ச மாதிரி. 2006ல டூல் பிரிவை விக்கப்போறோம்னு அறிவிச்சு, 2008ல எம்பார்கடேரோவுக்குத் தள்ளிவிட்டாங்க. அடுத்த வருஷமே மிச்சமிருந்த போர்லேண்டை மைக்ரோ ஃபோகஸ் முழுங்கிடுச்சு. எதிர்காலமில்லைன்னு கழட்டிவிட்ட டெல்ஃபிக்கு இன்னிக்கும் புது வெர்ஷன் வருது.

ஏஐயே வேணாம்னு நான் சொல்லலை. டாக்டர் கிறுக்குற சீட்டைப் படிச்சுச் சொல்ற மாதிரி ஒண்ணு பண்ணுங்க, எங்க கடைக்காரங்களே காசு குடுத்து வாங்குவாங்க. 'எல்லா துறைக்குமான பிளாட்ஃபார்ம்' யார் கேட்டா? அதுக்கு இதுவரை ஒரு கஸ்டமர்கூட கையெழுத்துப் போடலை.

மார்ச்சில் ரெனியூவல் வருது சார். அந்த மூணு பேரில் ரெண்டு பேரையாவது சப்போர்ட்டுக்குத் திருப்பி அனுப்புங்க.