இருபதாம் பக்கத்தில் நிற்கும் நாவல்கள்

லீவுக்கு ஊருக்கு வந்து நாங்கள் நாலு பேரும் ஒண்டா உட்கார்ந்தால் முதலில் கேட்கிற கேள்வி, "எத்தனையாம் பக்கம்?" பதில் எப்பவும் வெட்கக்கேடானது. பதினெட்டு. இருபத்திரண்டு. ஒருத்தி மட்டும் நாற்பதைத் தாண்டினாள், அவளுக்கும் பிறகு யார் யாருக்கு என்ன முறை எண்டு மறந்து போய் திரும்ப முதலில் இருந்து தொடங்கினாள். கலைப்பீடத்தில் படிக்கிறோம். நாவல் பற்றிப் பத்துப் பக்கம் விடை எழுதுவோம். ஆனா நாவலை வாசிக்க ஏலாம இருக்குது.

பெரியாக்களிட்ட கேட்டால் மருந்து ஒண்டுதான்: "போனைத் தூக்கி அங்கால வை." அது பிழையெண்டு நாங்கள் சொல்லவில்லை. ஆனா அதோட கதை முடியிறதா எண்டதுதான் எங்கட சந்தேகம்.

2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. நாட்டின்ட பெரிய அனல்மின் நிலையம் களப்புக்கு அந்தப் பக்கம் நுரைச்சோலையில் இருக்குது, இந்தப் பக்கம் கனமூலையில் நாங்கள் மெழுகுதிரியோட இருந்தோம். மண்ணெண்ணெய்க்கும் கியூ எண்டபடியால் குப்பி விளக்குக்கும் வழியில்லை. போனில சார்ஜ் இல்லை. அந்த நாட்களில்தான் அட்டை கிழிஞ்ச ஒரு புத்தகம் எங்கட கைக்கு வந்தது. தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோரக் கிராமத்தின் கதை'. 1988இல் வந்த நாவல். நாலு வீட்டுக்கு ஒரு பிரதி.

முதல் முப்பது பக்கம் கஷ்டம்தான். மலையாளம் கலந்த தேங்காப்பட்டணத்துத் தமிழ், ஒரே மாதிரியான பேர்கள். ஆனா உம்மா, வாப்பா, கடற்கரை, முதலாளி வீட்டுக்கு முன்னால குனிஞ்சு நிற்கிற சனம் எண்டு எல்லாம் எங்களுக்குத் தெரிஞ்சதுதானே. ஊருக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரக்கூடாதெண்டு அந்த முதலாளி நிற்கிற இடத்தில் நாங்கள் வாய்விட்டுச் சண்டை பிடித்தோம். பகலில் ஒருத்தி வாசிப்பாள், பின்னேரம் அடுத்தவள் வந்து பறித்துக்கொண்டு போவாள். "அதுக்குப் பிறகு என்ன நடக்குதெண்டு சொல்லிப்போடாதே" எண்டு காதைப் பொத்திக்கொண்டு ஓடின நாட்கள் அவை.

கரண்ட் வந்தது. வாசிப்பு போனது. அப்ப குற்றவாளி போன்தான் எண்டு தீர்ப்பு எழுதலாம், இல்லையா?

அங்கதான் எங்களுக்கு இடிக்குது. ஜெயமோகன் 2014இல் இருந்து 2020 வரைக்கும் 'வெண்முரசு' எண்டு மகாபாரதத்தை நாவலாக இணையத்தில் நாளுக்கு ஒரு அத்தியாயமாக எழுதினார். 26 நாவல்கள். அதைத் தொடர்ந்து வாசித்தவர்கள் திரையில்தானே வாசித்தார்கள்? எங்கட வாப்பாமார் கொண்டாடுகிற 'பொன்னியின் செல்வ'னும் 1950இல் இருந்து 1954 வரைக்கும் 'கல்கி' பத்திரிகையில் கிழமைக்குக் கிழமை வந்த தொடர்கதை. அந்தக் காலத்து ஆக்களுக்கு மலை போல பொறுமை இருந்ததெண்டு சொல்வார்கள். எங்களுக்கென்னவோ, கிழமைக்கு ஒரு துண்டு மட்டும் கிடைத்ததும், அடுத்த துண்டு வரும்வரைக்கும் அதைப் பற்றிக் கதைக்க ஊரில் ஆள் இருந்ததும்தான் அவர்களைக் காப்பாத்தியிருக்குது எண்டு தோணுது. அஞ்சு பாகத்தையும் ஒரே மூச்சில் கையில் தந்து, "முடித்துவிட்டு வா" எண்டால் அவர்களும் இருபதாம் பக்கத்தில் நின்றிருப்பார்கள்.

இருட்டில் எங்களுக்குக் கிடைத்ததும் அதுதான். போன் செத்துக் கிடந்தது உண்மை. அதோட நாலு பேர் ஒரே புத்தகத்துக்குள்ள இருந்தோம், அதில கேள்வி வரும் எண்டு யாரும் சொல்லவில்லை. கெம்பஸுக்குப் போனபிறகு நாவலைத் திறந்த உடனே கை பென்சிலைத் தேடுது. கருப்பொருள் எது, பாத்திரப் படைப்பு எப்படி, மொழிநடை என்ன? ஒரு பொம்பளை கிணற்றடியில் அழுதுகொண்டு நிற்கிறாள், நாங்கள் ஓரத்தில் "பெண்ணின் அவலம்" எண்டு குறிக்கிறோம். அவள் ஏன் அழுதாள் எண்டு கேட்க மறந்துபோகுது. இப்படி வாசித்தால் கவனம் எங்க நிற்கும்?

இன்னொண்டு, இதை ஆம்பிளைகள் எழுதுகிற 'கவனத்தோடு வாசிப்பது எப்படி' கட்டுரைகளில் நாங்கள் கண்டதேயில்லை. வீட்டில் ஒரு பக்கம் வாசிக்கிறதுக்குள்ள மூணு தடவை கூப்பிடுவார்கள். தேத்தண்ணி போடு, தம்பிக்குச் சோறு போடு, மழை வருது உடுப்பை எடு. பரீட்சைப் புத்தகம் எண்டால் "புள்ள படிக்கிது" எண்டு விடுவார்கள். நாவல் எண்டால் சும்மா இருக்கிறோமாம். கவிஞர் சல்மாவை வயதுக்கு வந்தவுடன் பள்ளிக்கூடத்தால் நிறுத்தினார்கள், கலியாணத்துக்குப் பிறகும் ஒளிச்சு ஒளிச்சு எழுதினார், 2004இல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவலாக வந்தது. அவரைக் காட்டி, "அவவுக்கு ஏலுமெண்டால் உங்களுக்கேன் ஏலாது?" எண்டு கேட்கிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி எங்களுக்குப் பிடிக்காது. ஒளிச்சுத்தான் வாசிக்கவேண்டும் எண்ட நிலைமையைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்றதில்லை.

ஆறுதலான ஒரு சங்கதியும் உண்டு. மரியான் வுல்ஃப் வாசிப்பையே வாழ்நாள் முழுக்க ஆராய்கிற விஞ்ஞானி. இளவயதில் விரும்பி வாசித்த ஹெர்மன் ஹெஸ்ஸவின் நாவல் ஒண்டைப் பல வருஷத்துக்குப் பிறகு திறந்தபோது தன்னால் வாசிக்கவே முடியவில்லை எண்டு 2018இல் வந்த தன்ட புத்தகத்தில் ஒப்புக்கொள்கிறார். பிறகு நாளுக்கு 20 நிமிஷம் மட்டும் எண்டு வைத்து வாசித்து, ரெண்டு கிழமையில் பழைய வேகத்துக்கு, அதாவது பழைய மெதுவுக்கு, வந்து சேர்ந்தாராம். அவருக்கே அப்படியெண்டால் எங்களுக்கென்ன வெட்கம்?

அதனால இந்த லீவுக்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். திரும்பவும் நாலு பேருக்கு ஒரு பிரதி. அதே மீரானின் 'சாய்வு நாற்காலி', 1997இல் சாகித்ய அகாதெமி விருது எடுத்தது. அசருக்குப் பிறகு 20 நிமிஷம், ஒருத்தி சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்கிறது. பென்சில் இல்லை. பேர்கள் குழம்பினால் கேட்கலாம், அலுப்பான இடத்தைத் தாண்டலாம், தூங்கினாலும் குற்றமில்லை. எங்கட உம்மாமாருக்கு, "இது கெம்பஸ் வேலை" எண்டு பொய் சொல்லியிருக்கிறோம். மூணாம் நாள் ஒரு உம்மா தேங்காய் துருவுகிற பலகையைத் தூக்கிக்கொண்டு விறாந்தைக்கே வந்துவிட்டா. நேற்று நாங்கள் நிறுத்தின இடம் 64ஆம் பக்கம். இண்டைக்கு அசர் ஆகமுதலே, "பிறகு என்ன நடந்தது?" எண்டு கேட்டது அவதான்.