ரிம் பெரிதாகிறது, டயர் எண்ணைப் பார்ப்பது யார்?

நம் நாட்டில் வீட்டு உபயோகக் காரின் டயரைப் பரிசோதகர் ஒருவர் கட்டாயமாகக் குனிந்து பார்க்கும் சந்தர்ப்பம் எத்தனை முறை வருகிறது? பெரும்பாலும் கார் கைமாறி, உரிமையாளர் பெயர் மாற்றப்படும்போது மட்டும்தான். பேருந்து, லாரி, டாக்சி போன்ற வர்த்தக வாகனங்கள் ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். இ-ஹெய்லிங் கார்களுக்கும் தனி விதி உண்டு. ஆனால் நம் வீட்டு வாசலில் நிற்கும் மைவிக்கோ சாகாவுக்கோ அப்படியொரு கட்டாயம் இல்லை. பத்து ஆண்டுகள் ஒரே உரிமையாளரிடம் இருந்தால், பத்து ஆண்டுகளும் பரிசோதனை நிலையத்தின் பக்கமே போகாமல் அது சாலையில் ஓடலாம்.

கடந்த 2025-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் நடந்த விபத்தில் கலகத் தடுப்புப் போலீஸார் 9 பேர் உயிரிழந்தனர். ஜூன் 9-ஆம் தேதி கெரிக்கில் உப்சி மாணவர்கள் 15 பேர் பலியாயினர். அதன் பிறகு கனரக வாகனங்கள் மீது அரசாங்கத்தின் கவனம் திரும்பியது. வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கட்டாயமாக்கப்பட்டது. அது தேவையான நடவடிக்கைதான். ஆனால் நாம் அன்றாடம் குடும்பத்தோடு பயணம் செய்யும் சொந்தக் காரைப் பற்றிய பேச்சு அந்த அளவுக்கு எழவில்லை.

அந்தக் காரில் உரிமையாளர்கள் செய்யும் மாற்றங்களில் மிகச் சாதாரணமானது ரிம் மாற்றுவது. வேலைக்குச் சேர்ந்து, சொந்தமாகக் கார் வாங்கி, முதல் போனஸ் கைக்கு வந்ததும் நம் இளைஞர்கள் பலர் போய் நிற்கும் இடம் டயர் கடை. காரை அழகாக வைத்துக்கொள்ள நினைப்பதில் தவறில்லை. ஆனால் ரிம்மின் வடிவத்தையும் நிறத்தையும் ஒரு மணி நேரம் பார்த்துத் தேர்ந்தெடுப்பவர்கள், அதன் மேல் ஏறும் டயரின் எண்ணை ஒரு நிமிடம்கூடப் பார்ப்பதில்லை. கடைக்காரர் மாட்டிவிடும் டயரோடு திரும்பி வந்துவிடுகிறார்கள்.

அந்த எண் சொல்வது என்ன?

மூன்றாம் தலைமுறை மைவியை எடுத்துக்கொள்வோம். அதன் 1.3 ரகத்தில் 175/65 ஆர்14 அளவு டயரும், 1.5 ரகத்தில் 185/55 ஆர்15 அளவு டயரும் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டு வந்தன. முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது எண், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பது. ஆர் என்ற எழுத்துக்குப் பின் வருவது ரிம்மின் விட்டம், அங்குலத்தில்.

இதை வைத்து ஒரு கணக்குப் போடலாம். 185-இல் 55 விழுக்காடு 101.75 மில்லிமீட்டர். மேலும் கீழும் சேர்த்து இரண்டு மடங்கு, 203.5. ரிம் 15 அங்குலம், அதாவது 381 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் சக்கரத்தின் முழு விட்டம் 584.5 மில்லிமீட்டர். 14 அங்குல டயருக்கும் இதே கணக்கைப் போட்டால் 583.1 வருகிறது. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட இல்லை.

ரிம்மை ஓர் அங்குலம் பெரிதாக்கிய தயாரிப்பாளர், பக்கச்சுவரைக் குறைத்து, முழு விட்டத்தை ஏறக்குறைய அப்படியே வைத்திருக்கிறார். ரிம் மாற்றுபவர்கள் பின்பற்ற வேண்டிய அடிப்படை விதி இதுதான். ரிம் பெரிதாகலாம், சக்கரம் பெரிதாகக் கூடாது.

மீட்டர் காட்டும் வேகம்

185/55 ஆர்15 டயரோடு வந்த மைவிக்கு 16 அங்குல ரிம் போட விரும்பினால், 195/45 ஆர்16 அளவில் முழு விட்டம் 581.9 மில்லிமீட்டர். அசல் அளவுக்கு மிக நெருக்கம். அதே 16 அங்குல ரிம்மில் 195/50 டயரை ஏற்றினால் 601.4 ஆகிவிடும். ஏறக்குறைய 3 விழுக்காடு கூடுதல். 17 அங்குல ரிம்மில் 205/45 என்றால் 616.3, அதாவது 5 விழுக்காட்டுக்கும் மேல். ஆனால் 17 அங்குலத்திலேயே 195/40 எடுத்தால் 587.8-இல் நின்றுவிடுகிறது. ஒரே ரிம்மில் ஒரு டயர் பொருந்துகிறது, இன்னொன்று பொருந்தவில்லை. ஆகவே, எத்தனை அங்குல ரிம் என்பதை மட்டும் சொல்லிக் கேட்பதால் பயனில்லை.

காரின் வேகமானி சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்பதைத்தான் எண்ணுகிறது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றுக்குக் கார் கூடுதல் தூரம் போகும். மீட்டருக்கு அது தெரியாது. 205/45 ஆர்17 போட்ட காரில் மீட்டர் 110 என்று கணக்கிடும்போது உண்மையான வேகம் 116-ஐத் தொட்டிருக்கும். நெடுஞ்சாலையின் வேக வரம்பு மணிக்கு 110 கிலோமீட்டர். பெரும்பாலான கார்களின் மீட்டர் உண்மை வேகத்தைவிடச் சற்றுக் கூட்டியே காட்டும் என்பதால் இந்த இடைவெளி ஓரளவு மறைந்துவிடும். ஆனால் அந்த இடைவெளி நம் பாதுகாப்புக்காக வைக்கப்பட்டது. அதைப் பெரிய டயருக்குச் செலவழித்துவிட்டால், கேமராவில் சிக்கிச் சம்மன் வரும்போது மீட்டரைக் காரணம் காட்ட முடியாது.

முழு விட்டத்தின் வித்தியாசம் 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களின் பொதுவான வரம்பு. 2 விழுக்காட்டுக்குள் இருந்தால் இன்னும் நல்லது. முன்னும் பின்னும் வெவ்வேறு விட்டமுள்ள டயர்களை மாட்டுவதையும் தவிர்க்க வேண்டும். ஏபிஎஸ் பிரேக்கும், கார் வழுக்காமல் காக்கும் நிலைப்படுத்தும் கருவியும் நான்கு சக்கரங்களின் சுழற்சியை ஒப்பிட்டே இயங்குகின்றன.

எடையைத் தாங்குமா?

அளவுக்குப் பின்னால் இன்னோர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். 82வி என்றால், 82 என்பது எடைக் குறியீடு, வி என்பது வேகக் குறியீடு. எடைக் குறியீடு 82 உள்ள டயர் 475 கிலோ தாங்கும். 80 என்றால் 450 கிலோ. எண்ணில் 2 குறைந்தால் ஒரு டயருக்கு 25 கிலோ, நான்கு டயருக்கு 100 கிலோ குறைகிறது. வேகக் குறியீட்டில் டி என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர், எச் என்றால் 210, வி என்றால் 240.

185/55 ஆர்15 டயர் வழக்கமாக 82 குறியீட்டில் வருகிறது. 195/45 ஆர்16 டயர் 80-இலும் கிடைக்கிறது, எக்ஸ்எல் எனப்படும் வலுவூட்டப்பட்ட ரகமாக 84-இலும் கிடைக்கிறது. இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல்தான் இருக்கும். விலை குறைவு என்று 80-ஐ எடுப்பவர், தன் காருக்குத் தயாரிப்பாளர் நிர்ணயித்ததைவிடப் பலவீனமான டயரை வாங்குகிறார். 84 எடுப்பவரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எக்ஸ்எல் டயர் அதன் முழு எடையைத் தாங்க, சாதாரண டயரைவிடக் கூடுதல் காற்றழுத்தம் தேவை. பழைய அளவுக்கே காற்றடித்தால் வலுவூட்டப்பட்டதன் பயன் கிடைக்காது.

தனியாக வேலைக்குப் போய்வரும்போது இந்த வேறுபாடு தெரியாது. தீபாவளிக்கு ஜோகூரிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் புறப்படும் காரில் ஐந்து பேர், பின்னால் நிறைய மூட்டை முடிச்சுகள், வெயிலில் கொதிக்கும் நெடுஞ்சாலையில் பல மணி நேர ஓட்டம். டயர் சோதிக்கப்படுவது அப்போதுதான். மயில் இறகேயானாலும் அளவு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது இன்றைய காருக்கும் பொருந்தும். ஏழு பேர் அமரும் காருக்கு ரிம் மாற்றுபவர்கள் இந்தக் குறியீட்டைப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது.

வெளியே நீட்டும் சக்கரம்

ரிம்முக்கும் அளவுகள் உண்டு. போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், அதாவது பிசிடி பொருந்தாவிட்டால் ரிம் ஏறவே ஏறாது. அதனால் அதைக் கடைக்காரர் கட்டாயம் பார்ப்பார். கவனத்திலிருந்து தப்புவது ரிம்மின் அகலமும் ஆஃப்செட்டும்தான். ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது காரோடு ஒட்டும் தளம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. 6 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மைக் கழற்றி, 7 அங்குல அகலமும் 35 ஆஃப்செட்டும் உள்ள ரிம்மை மாட்டினால், அதன் வெளி விளிம்பு 22 மில்லிமீட்டருக்கும் மேல் வெளியே வந்துவிடும். ஸ்டீயரிங் கனக்கும். சக்கர பேரிங்கின் மீது சுமை கூடும். பின் இருக்கையில் ஆட்கள் ஏறினால் டயர் காரின் விளிம்பில் உரசும்.

காரின் உடலைத் தாண்டி டயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அது சட்டச் சிக்கலும்கூட. 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டமும், 1959-ஆம் ஆண்டு மோட்டார் வாகனக் கட்டமைப்பு, பயன்பாட்டு விதிகளும் வாகனத்தின் அமைப்பைக் கட்டுப்படுத்துகின்றன. சாலைத் தடுப்புச் சோதனையில் ஜேபிஜே அதிகாரிகளின் கண்ணில் முதலில் படுவதும் இப்படி நீட்டும் டயர்தான். காப்புறுதி நிறுவனத்திற்கும் மாற்றத்தைத் தெரிவித்துவிடுவது நல்லது. விபத்துக்குப் பிறகு இழப்பீடு கோரும்போது, சொல்லாமல் செய்த மாற்றம் கேள்விக்கு உள்ளாகலாம்.

பள்ளமும் மழையும்

பெரிய ரிம்முக்குக் கொடுக்கும் விலை பக்கச்சுவர். 14 அங்குல டயரில் அதன் உயரம் 113 மில்லிமீட்டருக்கு மேல். 195/45 ஆர்16-இல் 88-க்கும் கீழ். 195/40 ஆர்17-இல் 78 மட்டுமே. சாலைப் பள்ளத்தில் இறங்கும்போது அதிர்ச்சியை வாங்குவது அந்தக் காற்று நிறைந்த சுவர்தான். அது மெலிந்தால் அடி ரிம்முக்குப் போகும். ரிம் வளையலாம், வெடிக்கலாம், டயரின் பக்கம் புடைக்கலாம். விலை மலிவான நகல் ரிம்களில் இந்த அபாயம் அதிகம். ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது முதல் படி. முத்திரையையும் போலியாக அடிப்பவர்கள் இருப்பதால், எங்கே வாங்குகிறோம் என்பதும் முக்கியம்.

அகலமான டயர் காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும். நீர் தேங்கிய சாலையில் கதை வேறு. மற்றவை சமமாக இருந்தால், அகலமான டயர் தண்ணீரின் மேல் மிதந்து பிடியை இழப்பது எளிது. டயரின் காடி தேய்ந்திருந்தால் அபாயம் இரட்டிப்பு. 1.6 மில்லிமீட்டர் என்பது காடி ஆழத்தின் குறைந்தபட்ச எல்லை. மழைக்காலத்தில் அந்த எல்லை வரை காத்திருக்காமல் முன்னதாகவே மாற்றுவது புத்திசாலித்தனம்.

கடையில் கேட்க வேண்டியவை

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுத் தூணில் ஒரு வில்லை ஒட்டப்பட்டிருக்கும். அசல் டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் இருக்கும். அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டு கடைக்குப் போகலாம். பிறகு ஐந்து கேள்விகள். புதிய டயரின் முழு விட்டம் அசலிலிருந்து எத்தனை விழுக்காடு மாறுகிறது? எடைக் குறியீடு அசலுக்குச் சமமா, அதைவிடக் கூடுதலா? இந்த டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலத்திற்குள் இந்த ரிம் இருக்கிறதா? ஆஃப்செட் எவ்வளவு, டயர் வெளியே நீட்டுமா? புதிய அளவுக்குக் காற்றழுத்தம் எவ்வளவு?

டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டையும் பார்க்க வேண்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. ரிம்மோடு சேர்த்துச் சலுகை விலையில் தரப்படும் பழைய டயர்களில் இந்த எண் மிக முக்கியம்.

பொறுப்பு யாருடையது?

வாகனப் பரிசோதனைத் துறையில் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. புஸ்பாகோமின் ஏகபோக ஒப்பந்தம் 2024 ஆகஸ்ட் 31-ஆம் தேதி முடிவுக்கு வந்தது. பிற நிறுவனங்களுக்கும் வாய்ப்பு திறக்கப்பட்டது. நிலையங்கள் பெருகினால் காத்திருக்கும் நேரம் குறையும். ஆனால் எத்தனை நிலையங்கள் வந்தாலும், சொந்தக் கார் அங்கே போக வேண்டிய கட்டாயம் இல்லாதவரை டயர் விஷயத்தில் நிலைமை மாறாது. எல்லாத் தனியார் கார்களுக்கும் ஆண்டுப் பரிசோதனை என்றால், ஏற்கெனவே விலைவாசியால் திணறும் குடும்பங்களுக்கு அது இன்னொரு செலவு. உடனடியாக அதைக் கோருவது எளிதல்ல.

அதற்கு முன் செய்யக்கூடிய, செலவில்லாத ஒரு காரியம் உண்டு. டயர் விற்கும் கடைகள் தரும் ரசீதில் டயர் அளவு, எடைக் குறியீடு, தயாரிப்புத் தேதி, ரிம்மின் அகலம், ஆஃப்செட் ஆகியவை எழுதப்பட வேண்டும் என்று விதி கொண்டுவரலாம். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றாலே விற்பவர் ஒருமுறை சரிபார்ப்பார். வாங்குபவர் கையிலும் ஆதாரம் இருக்கும். நாளை காரை இரண்டாவது கையில் வாங்குபவருக்கும் அது உதவும்.

விதி வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ரசீதில் இவற்றை எழுதித் தரும்படி இன்றே நாம் கேட்கலாம். தயங்காமல் எழுதித் தருபவரிடம் வாங்குங்கள். எழுத மறுத்தால், ரிம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அடுத்த கடையைப் பாருங்கள்.