கண்ணீர்க் கதை போதும், கைத்திறனைப் பேசுவோம்

ரஷ்ய ஓவியர் ஜினைதா செரெப்ரியாகோவாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். புரட்சிக் காலத்தில் கணவரை இழந்தவர், நான்கு பிள்ளைகளுக்குத் தாய், பிழைப்புக்காக 1924-இல் பாரிஸ் போய்த் திரும்ப முடியாமல் தவித்தவர். எல்லாம் உண்மைதான். ஆனால் இதை மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தால், ஆயுள் முழுக்க மனித முகத்தைப் படித்த ஒரு கலைஞர் நம் கண்ணிலிருந்து மறைந்துபோவார். ஆண் ஓவியர் என்றால் யாரிடம் படித்தார், எப்படி வரைந்தார் என்று தொடங்குகிறோம். பெண் என்றால் மட்டும் ஏன் அவர் பட்ட பாட்டிலிருந்து தொடங்க வேண்டும்?

ஜினைதா 1884-இல் கார்கிவ் பக்கத்தில் நெஸ்குச்னோயே என்ற பண்ணையில் பிறந்தார். அந்த இடம் இன்று உக்ரைனில் இருக்கிறது. அப்பா சிற்பி, தாத்தா கட்டடக் கலைஞர். ‘கலை உலகம்’ என்ற ரஷ்ய ஓவியர் குழுவின் தூணாக இருந்த அலெக்சாண்டர் பெனுவா அவருடைய தாய்மாமன். இரண்டு வயது நிறையும் முன்பே அப்பா இறந்துவிட, பீட்டர்ஸ்பர்க்கில் தாத்தா வீட்டில் வளர்ந்தார். ஓவியம் அவர் ரத்தத்திலேயே இருந்தது என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்லும்போது அவர் வரைந்து வரைந்து பழகிய வருடங்கள் கணக்கில் வராமல் போய்விடுகின்றன.

1901-இல் இளவரசி தெனிஷேவாவின் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். ஓவியர் இல்யா ரேபின் கற்பித்த பள்ளி அது. ஆனால் அங்கே இருந்தது கொஞ்ச நாள்தான். இத்தாலிக்குப் போய் வந்தபின், 1903 முதல் 1905 வரை ஒசிப் பிராஸிடம் பயின்றார். எழுத்தாளர் செக்கோவின் உருவப்படத்தை வரைந்தவர் இந்த பிராஸ். ஹெர்மிடேஜ் அருங்காட்சியகத்தில் பழைய மேதைகளின் ஓவியங்களைப் பிரதியெடுத்ததும் அப்போதுதான். அதன்பின் பாரிஸில் கிராந்த் ஷோமியேர் கலைக்கூடத்தில் ஒரு பருவம். முறையான படிப்பு அவ்வளவுதான். மிச்சத்தையெல்லாம் நெஸ்குச்னோயேயில் கற்றார்: வயலில் வேலை செய்த பெண்களையும் வீட்டுப் பிள்ளைகளையும் சலிக்காமல் வரைந்தார்.

1909 குளிர்காலம். ரயில்வே பொறியாளரான கணவர் போரிஸ் வேலை நிமித்தம் வெளியூரில் இருக்கிறார். பண்ணையைச் சுற்றிலும் பனி. முன்னால் உட்கார வைத்து வரைய ஆள் கிடைக்கவில்லை. கண்ணாடி முன் நின்று தன்னையே வரைந்தார். மேசையில் மெழுகுவர்த்தித் தண்டுகள், வாசனைத் தைலக் குப்பிகள், குண்டூசிகள், மணிமாலைகள். ஒரு கை நீண்ட கூந்தலைப் பிடித்திருக்க, மறு கை சீப்பால் வாருகிறது. ஒரு பக்கத் தோளிலிருந்து வெள்ளைச் சட்டை நழுவியிருக்கிறது. ‘ஒப்பனை மேசையில்’ என்ற அந்தப் படம் 1910-இல் காட்சிக்கு வந்ததும் திரெத்தியாகோவ் கலைக்கூடம் வாங்கிக்கொண்டது. பார்ப்பவர்களை அதன் மலர்ச்சி இழுக்கிறது. எனக்கோ அந்தச் சின்னச் சின்னப் பொருள்கள் கண்ணாடியில் பிரதிபலிக்கும் ஒழுங்குதான் வியப்பு. எத்தனையோ நாள் பழகிய கைக்கே அது வரும்.

1914-இல் வரைந்த காலை உணவுப் படத்திலும் அந்தப் பழகிய கையைக் காணலாம். மேசையைச் சுற்றி மூன்று பிள்ளைகள். ஓரத்தில் பரிமாறும் பெரியவரின் கை மட்டும் தெரிகிறது. யாரோ கூப்பிட்டதும் சட்டென்று திரும்பிய முகங்கள்!

1917 தொடக்கத்தில் கலை அகாதெமியின் உறுப்பினர் தகுதிக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. புரட்சி வந்து அது நின்றுபோனது. 1919-இல் போரிஸ் டைபஸ் காய்ச்சலில் இறந்தார். எண்ணெய் வண்ணம் வாங்கக் காசில்லை. கரித்துண்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டார். கார்கிவ் தொல்லியல் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பார்த்து வரையும் வேலையும் செய்தார். பெத்ரோகிராட் (முன்பு பீட்டர்ஸ்பர்க், பின்னர் லெனின்கிராட்) வந்து மகள் தத்தியானா பாலே பயிலத் தொடங்கியபோது, நாட்டிய அரங்கின் ஒப்பனை அறைக்குள் போய் மேடையேறத் தயாராகும் பெண்களைப் பேஸ்டல் சுண்ணத்தில் வரைந்தார். அங்கே யாரும் நிலையாக நிற்கமாட்டார்கள். பேஸ்டலோ காய வேண்டியதில்லை. இப்படி வேகமாக வரைந்த பழக்கம்தான் பின்னால் மொராக்கோ போனபோது அங்கே தெருக்களிலும் சந்தைகளிலும் அவருக்குக் கைகொடுத்தது.

அவர் வரைந்த பெண்கள் பலருக்கும் அவருடைய பெரிய கண்களே வந்துவிடுகின்றன என்று ஒரு குறை சொல்லலாம். அதில் நியாயம் இருக்கிறது. பாரிஸில் புதுப் பாணிகள் கொடிகட்டிப் பறந்த காலத்தில் முகச்சாயலை விடாமல் பிடித்துக்கொண்டதால், அங்கே அவருக்குப் பெரிய பேரும் கிடைக்கவில்லை. அதைத் தோல்வி என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. தான் கற்றது எது என்று அவருக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

1965, 1966 ஆண்டுகளில் மாஸ்கோ, லெனின்கிராட், கீவ் நகரங்களில் அவருடைய கண்காட்சிகள் நடந்தன. 1967-இல் பாரிஸில் காலமானார். அதற்குள் பிள்ளைகள் நால்வருமே அவர் வழியில் வந்திருந்தார்கள். அலெக்சாண்டரும் எகத்தெரீனாவும் பாரிஸில் ஓவியர்கள். தத்தியானா மாஸ்கோவில் மேடை அலங்கார ஓவியர். எவ்கேனி கட்டடக் கலைஞராகிப் பீட்டர்ஹோப் அரண்மனையைப் புதுப்பிக்கும் பணியில் இருந்தார்.