மஞ்சள் பூ பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணியா?

மழை பெய்து பத்து நாள் ஆனால் போதும். எங்கள் பர்கூரில் ஏரிக்கரை, வரப்பு, வீட்டுக் கொல்லை என்று பார்த்த இடமெல்லாம் சின்னச் சின்னப் பூக்கள். சூரியகாந்தி, சாமந்திக் குடும்பத்துக்கு இவற்றில் பலவும் சொந்தம்தான். நாம் 'ஒரு பூ' என்று நினைப்பது உண்மையில் பொடிப் பூக்கள் பல சேர்ந்த கொத்து. சுற்றிலும் இதழ் மாதிரி நிற்பவைகூடத் தனித்தனிப் பூக்களே! அக்கா தங்கைகள்போல முகஜாடை ஒன்றாக இருப்பதால் ஆள் மாறிப் போகிறது. ஜாடியில் வைக்க என்றால் மாறினாலும் பாதகமில்லை. வாயில் வைக்க என்றால்?

போன மாதம் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த பெண் ஒரு கைப்பிடி இலையோடு வந்தாள். "அக்கா, இது மஞ்சக் கரிசாலைதானே? மூணு வயசுப் பிள்ளைக்குக் கண்ணு மஞ்சளா இருக்கு. மோர்ல அரைச்சுக் குடுன்னு அத்தை சொன்னாங்க" என்றாள். அது ஏதோ ஓர் அலுவலக வாசலில் அழகுக்காக வளர்த்த படர்செடி. "இலையை அப்புறம் பார்க்கலாம்மா, முதல்ல டாக்டர்கிட்ட போ" என்று அனுப்பினேன். ரத்தப் பரிசோதனை, சிகிச்சை எல்லாம் முடிந்து, பிள்ளை இப்போது ஓடி விளையாடுகிறது. இனி அந்தச் செடிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

வெள்ளைக் கரிசாலை: தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் எங்கள் பக்கம் ஒரே தெருவில் புழங்கும். தெலுங்கு வீட்டில் 'குண்டகலகர', கன்னட வீட்டில் 'கருகத சொப்பு', நமக்குக் கரிசலாங்கண்ணி. பெயர் மூன்று, செடி ஒன்று. ஈரம் உள்ள இடத்தில் வளரும். இலை ஒடுங்கி நீண்டு, கணுவுக்கு இரண்டாக எதிரெதிரே இருக்கும், தொட்டால் சொரசொரக்கும். பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. இதழ்கள் வெள்ளையாக நூல் நூலாக இருக்கும். சந்தேகமா? தண்டைக் கசக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் பொறுங்கள். சாறு கறுத்துவிடும். பெயரிலேயே கரி இருக்கிறதே!

வெட்டுக்காயப் பூண்டு: இதைக் கரிசாலை என்று பறிப்பவர்கள் உண்டு. ஆனால் இதன் இலை ஓரத்தில் பெரிய பெரிய பற்கள் இருக்கும். ஒரு சாண் நீளக் காம்பின் நுனியில் ஒற்றைப் பூ. நடுவே மஞ்சள், சுற்றிலும் ஐந்தாறு அகல இதழ்கள். முற்றினால் விதை பஞ்சோடு பறக்கும். கரிசாலை விதைக்குப் பஞ்சே கிடையாது.

மஞ்சள் கரிசாலை: குழப்பம் அதிகம் இங்கேதான். தோட்டங்களில் வளர்க்கும் 'சிங்கப்பூர் டெய்சி'க்கும் இதற்கும் நெருங்கிய உறவு. தாவர நூல்களில் இரண்டுக்கும் 'ஸ்பாக்னெட்டிகோலா' என்ற ஒரே முன்பெயர். இரண்டும் தரையோடு படரும், கணுவுக்குக் கணு வேர் விடும், மஞ்சளாகப் பூக்கும். ஆகவே பூவை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். மஞ்சள் கரிசாலையின் இலை குறுகலாக, பிளவில்லாமல், சொரசொரப்பாக இருக்கும். டெய்சியின் இலை தடிமனாகப் பளபளக்கும். இரண்டு பக்கமும் காது நீட்டியதுபோல மூன்று பிளவாகத் தெரியும். சில இலைகளில் பிளவு இருக்காது. அதனால் ஒன்றைப் பார்த்து முடிவு கட்டாமல், ஒரே கொடியில் பத்து இலையாவது பாருங்கள். பெயர்தான் சிங்கப்பூர், பிறந்த இடம் மத்திய அமெரிக்கப் பக்கம். உலகை ஆக்கிரமிக்கும் மிக மோசமான 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் இதுவும் இருக்கிறது. மஞ்சள் கரிசாலை என்று சொல்லி இதையே விற்பவர்களும் உண்டு, வாங்கும்போது ஜாக்கிரதை.

பார்த்தீனியம்: இதுவும் அதே குடும்பம்தான். இலை கேரட் தழைபோல் நுணுக்கமாகப் பிளந்திருக்கும். பூ வெள்ளைப் பொட்டுபோல் கொத்தாக இருக்கும். தோலில் பட்டால் சிலருக்கு அரிப்பும் கொப்புளமும் வரும். மகரந்தத்தால் மூச்சுத் திணறலும் வரலாம். 1955 வாக்கில் புனாவில் கண்ணில் பட்ட செடி, நாடெங்கும் பரவிவிட்டது. இதைத் தின்று அழிக்க மெக்ஸிகோ வண்டுகளைத் தருவித்து, 1984-ல் நம் பக்கத்து பெங்களூரில் விட்டுப் பார்த்தார்கள். இன்னும் ஒழிந்தபாடில்லை. பூக்கும் முன்பே, கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள்.

சரியான செடியே கிடைத்தாலும் பறிக்கும் இடம் முக்கியம். ஆலைக் கழிவுநீர் ஓடும் வாய்க்கால், சாக்கடை, நெடுஞ்சாலை ஓரம், மருந்து அடித்த வயல் வேண்டவே வேண்டாம். தொட்டியில் இரண்டு தண்டு நட்டு வளர்ப்பது உத்தமம். நன்றாகக் கழுவி, பாசிப்பருப்போடு வேகவைத்துக் கடைந்தால் ருசியான கீரை.

ஆனால் காமாலைக்கு இலையைத் தேடி நேரத்தைக் கடத்தாதீர்கள். மஞ்சள் நிறம் ஓர் அறிகுறிதான். காரணம் கிருமியாக இருக்கலாம், பித்தநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம், ரத்த அணுக்கள் சிதைவதாகவும் இருக்கலாம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை, பாதம்வரை பரவினாலோ, குழந்தை பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. இரண்டு வாரம் தாண்டியும் மஞ்சள் போகவில்லையென்றாலும் காட்டியாக வேண்டும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர எந்த இலைச்சாறும் கூடாது. டாக்டர் எழுதித் தரும் மருந்து மட்டுமே.

இலையைப் பார்த்துச் செடியை நாமே கண்டுபிடிக்கலாம். நோயைக் கண்டுபிடிக்கும் வேலையை டாக்டரிடம் விட்டுவிடுவோம், சகோதரிகளே!